கம்பளி போர்த்திய கார்

சென்னைப் பட்டணத்துக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்பதை மனப்பூர்வமாக நம்பிய மனிதர் இதுவரை ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் ராயபுரத்தில் பிறந்தார். நாமெல்லாம் மார்கழியில் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு கிளம்பி, ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் வியர்த்துப்போய் அதை அவிழ்த்துப் பைக்குள் திணிக்கிற ஆசாமிகள். கம்பளி நைனா அப்படியில்லை. ஐப்பசியில் முதல் தூறல் விழுந்த அன்றே குளிர்மீது யுத்தப் பிரகடனம் செய்துவிடுவார். பங்குனி பிறந்த பிறகுதான் சமாதானப் பேச்சு.

குளிர் அவருக்கு அல்ல. அவருடைய காருக்கு.

பெட்ரோலுக்குக் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. கடற்கரையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிற ஒரு சின்னத் தெருவில், மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் நைனா தம் காரை நிறுத்துவார். ஊர் திரும்பிய ஒரு துரையிடம் அவர் டிரைவராக இருந்தாராம். போகும்போது சம்பளப் பாக்கிக்குப் பதிலாகத் துரை விட்டுவிட்டுப் போன வண்டி. துரை புத்திசாலி என்று அண்ணாச்சி அடிக்கடி சொல்லுவார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நைனா ஒரு கறுப்புக் கம்பளியை உதறி, காரின் முன்பக்க மூடிமேல் போர்த்துவார். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரங்களை இழுத்து உள்ளே சொருகுவார். பிறகு தாம் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, பின்சீட்டில் படுத்துக்கொள்வார். ஒரு வருஷம் அவருக்குக் கடுமையான ஜுரம். அண்ணாச்சி பரிதாபப்பட்டுக் கம்பளியை எடுத்து அவர்மேல் போர்த்தினார். நைனா ஜுர வேகத்தில் எழுந்து வந்து, அதை மறுபடி கார்மேல் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

"எனிக்கு ஜொரம் வந்தா கஷாயம் கீது. அதுக்கு ஜல்ப்பு புட்ச்சிக்கினா யார் பாக்கறது?" என்று கேட்டார்.

இத்தனை சீராட்டியும் அந்தக் கார் பனிக்காலத்தில் ஒருநாளும் ஒழுங்காகக் கிளம்பியதில்லை. கடற்காற்றின் ஈரமும் விடியற்காலைப் பனியும் சேர்ந்து அதன் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நைனா அசர மாட்டார். எங்கள் தெருவில் சேவல் கூவுவதற்கு முன்னால் அவர் வண்டியைக் கிளப்ப முன்னால் செருகிச் சுற்றுகிற ஹேண்டிலின் சத்தம் கேட்கும். கர்ர்... கர்ர்... டொப். பிறகு, "சரி, கம்னு இரு. இன்னா கோளாறுன்னு பாக்கறேன்" என்று காரிடம் சொல்லுகிற குரல்.

அவருடைய வைத்திய முறை லேசுப்பட்டதல்ல. "வண்டி கெளம்பறதுக்கு மூணு வோணும். எண்ணெ, காத்து, நெருப்பு. மூணும் இருந்துச்சின்னா பொணங்கூட எய்ந்து ஓடும்" என்பார். முதலில் எண்ணெய். பெட்ரோல் குழாயைக் கழற்றி மோந்து பார்ப்பார், நாக்கிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். அடுத்தது காற்று. அது உள்ளே போகிற குழாயில் வாய் வைத்து ஊதுவார். மூன்றாவது நெருப்பு. இங்கேதான் பொதுமக்களின் ஒத்துழைப்பு தேவைப்படும்.

நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மறுநாள் காலை. பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். நைனா ரொம்ப மரியாதையாகக் கூப்பிட்டார்.

"கிளார்க்கு தம்பி, இந்த ஒயர இப்டி கொஞ்சம் புடி."

பிடித்தேன். அவர் ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார். என் விரல் நுனியில் புறப்பட்ட மின்சாரம் உச்சந்தலைவரை போய் நின்றது. வாயிலிருந்த பற்பொடி அண்ணாச்சி கடைப் பலகைவரை பறந்தது. நைனா என்னைத் திருப்தியாகப் பார்த்துத் தலையாட்டினார்.

"கரண்ட்டு கீது."

அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்து என் முதுகில் தட்டினார். "பயப்படாதீரும் வே. இந்தத் தெருவுல எல்லாரும் ஒருதரம் பிடிச்சாச்சு. இனிமே நீரும் நம்ம ஆளு."

மூன்று சோதனையிலும் தேறி, அப்படியும் வண்டி கிளம்பாவிட்டால் அதற்கு ஒரே மருந்துதான். எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி கிளப்புகிற பிளக் நான்கையும் கழற்றுவார். உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தெருக்கோடிக்குப் போவார். அங்கே அஞ்சலை ஆப்பம் சுட்டுக்கொண்டிருப்பாள். அவள் அடுப்பின் ஓரத் தணலில் நான்கு பிளக்கையும் வரிசையாக நட்டுவைத்துவிட்டு எதிரே குந்திக்கொள்வார்.

அஞ்சலை கரண்டியை ஓங்குவாள். "யோவ் நைனா! இது ஆப்பக்கடையா, ஒன் வண்டிக்கு ஆஸ்பத்திரியா? ஆப்பம் பூரா பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு போறவன் வர்றவன்லாம் துப்பிட்டுப் போறான்!"

"ஒன் ஆப்பத்துக்கு ஒரு வாசன வர்றதே என் பிளக்காலதான்" என்பார் நைனா.

"அடுப்பு எனுது. வெறகு எனுது. நாளைக்கி வா, கண்டிப்பா தண்ணிய ஊத்தி அணைக்கிறேன்."

அவள் சொன்ன ‘நாளைக்கி’ வரவேயில்லை. வாயால் திட்டிக்கொண்டே இடுக்கியால் பிளக்குகளைப் பக்குவமாகப் புரட்டிப் போடுவாள். எது எத்தனை சிவக்க வேண்டும் என்பது நைனாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் கூட்ட அவசரத்தில் ஒரு பிளக் ஆப்பத்தோடு சேர்ந்து மந்தார இலையில் ஏறி அண்ணாச்சிக்குப் போய்விட்டது. "ஏ அஞ்சலை, தேங்காப்பாலு கேட்டா இரும்பைக் குடுத்திருக்கியே!" என்று அண்ணாச்சி அலற, நைனா ஓடிவந்து பிளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒட்டியிருந்த ஆப்பத்தைப் பத்திரமாகத் துடைத்து அண்ணாச்சியின் இலையிலேயே திருப்பி வைத்தார். நேர்மையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

இத்தனை பாடு எதற்கு, நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினால் வண்டி கிளம்பிவிடாதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நானும் ஒருநாள் கேட்டேன். அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"இன்னா சொன்னே? தள்றதா? தள்றதுக்கு இது இன்னா கட்டுமரமா?"

விஷயம் இதுதான். நைனா எங்கள் தெருக்கோடிக் குப்பத்தில் பிறந்தவர். அவர் அப்பன், அண்ணன், சித்தப்பன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடல் பிடிக்கவில்லை. மோட்டார் ஓட்டப் போகிறேன் என்று இளவட்டத்திலேயே கிளம்பிவிட்டார். புறப்படும்போது அப்பன் மணலில் நின்று சொன்னாராம்: "போ, போ. எங்கப் போனாலும் வெள்ளன எய்ந்து எதையாச்சும் தள்ளிகினுதான் இருக்கப் போற." அப்பன் செத்தபிறகும் அந்தச் சொல் சாகவில்லை. தம் வண்டியின் பின்பக்கத்தில் ஒருவன் கை வைத்துத் தள்ளினால் அன்றைக்கு அப்பன் ஜெயித்துவிடுவார் என்பது நைனாவின் கணக்கு. குப்பத்து ஆட்களும் சும்மா விடவில்லை. கடலுக்குப் போகிற வழியில் காரைப் பார்த்து, "இன்னா நைனா, கை குடுக்கட்டா?" என்று சிரித்துவிட்டுத்தான் போவார்கள். அவருடைய அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார். ஒன்றும் பேசாமல் காரைத் தாண்டிப் போய்விடுவார். அந்த மௌனம்தான் நைனாவுக்கு அதிகமாக உறைக்கும்.

ஒருமுறை தண்டையார்ப்பேட்டையிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வாடகைக்கு வண்டி பேசியிருந்தது. முகூர்த்த வேளை நெருங்க, நடுவழியில் கார் நின்றுபோய்விட்டது. மாப்பிள்ளைப் பையன் நல்லவன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளப் போனான். நைனா அவனைத் தோளைப் பிடித்து அப்பால் நிறுத்தினார். "மாப்ளே, நீ நடந்து போ. வாடக வாணாம். ஆனா அத்தத் தொடாதே!" மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக ஓடிப்போய்த் தாலி கட்டினான். மூச்சு வாங்கிய வாங்கலில் முதல் முடிச்சைக்கூட நாத்தனார்தான் போட்டாளாம்.

இப்படி வீம்பாக இருந்த மனிதரை ஒரு மார்கழி விடியற்காலை சோதித்துவிட்டது.

அப்போது அஞ்சலைக்கு நிறைமாதம். இன்னும் நாளிருக்கிறது என்று அவள் புருஷன் வலை வாங்க எண்ணூருக்குப் போயிருந்தான். ராத்திரி பூரா மழை. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் தெருக்கோடியிலிருந்து ஓர் அலறல். மருத்துவச்சிக் கிழவி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"நைனா, வண்டிய எடு! கொயந்த குறுக்கால கீது. என் கையால ஆவாது. ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் ரெண்டு உசுரும் தங்கும். ஜட்கா வண்டி வாணாம், தூக்கித் தூக்கிப் போடும். படுக்கவெச்சே கொண்டுபோவணும்!"

படுக்கவைக்கிற அகலத்தில் எங்கள் தெருவில் இருந்த ஒரே வாகனம் அந்தக் கார்தான். நானும் அண்ணாச்சியும் இரண்டு பெண்களும் அஞ்சலையைத் தூக்கிவந்து பின்சீட்டில் கிடத்தினோம். நைனா காரின்மேலிருந்த கம்பளியை ஒரே இழுப்பில் உருவி அவள்மேல் போர்த்தினார். அந்தக் கம்பளி இன்னொருவர்மேல் தங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஹேண்டிலைச் சுற்றினார். கர்ர்... டொப். மறுபடி சுற்றினார். டொப் சத்தம்கூட வரவில்லை.

"எண்ணெ" என்றார். மோந்தார். இருந்தது. "காத்து" என்றார். ஊதினார். போயிற்று. "நெருப்பு" என்று சொல்லி என் பக்கம் திரும்புவதற்குள் நானே ஒயரைப் பிடித்துக்கொண்டேன். எப்போதாவது ஷாக் அடிக்க வேண்டுமே என்று ஒரு மனிதன் வேண்டிக்கொண்டதுண்டா? நான் வேண்டிக்கொண்டேன். லேசாக ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். ஒயர்கள் வந்து சேருகிற சின்ன மூடியைத் திறந்து உள்ளே துணியால் துடைத்தார். ஒயர்களைத் தம் வேட்டியால் ஒவ்வொன்றாகத் துவட்டினார். மறுபடி பிடித்தேன். இந்தத் தடவை உச்சந்தலைவரை போயிற்று.

"கரண்ட்டு கீது!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

ஆனால் வண்டி கிளம்பவில்லை. நைனா மின்னல் வேகத்தில் பிளக் நான்கையும் கழற்றினார். நனைந்து கிடந்தன. கையில் ஏந்திக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஆப்பக்கடை முன்னால் போய் நின்றார். அங்கே அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. சாம்பலில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அடுப்பு மூட்டுகிறவள்தான் காருக்குள் கிடக்கிறாளே! அது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையில் நான்கு பிளக்கோடு, அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணாச்சி கடையிலிருந்து சாம்பிராணித் தூபக்காலைக் கொண்டுவந்தார். கரி ஈரம். விசிறினார், ஊதினார், தம் மொழியில் திட்டினார். புகை வந்தது, தணல் வரவில்லை. நைனா பிளக்குகளைத் துணியால் துடைத்து மாட்டி மறுபடி சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்து ஹேண்டிலில் ரத்தம். நிறுத்தவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று சுற்றிக்கொண்டேயிருந்தார்.

காருக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "நைனா... அடுப்பு பத்தவெக்கலியே நானு... ஒன் பிளக்குக்கு இன்னா பண்ணுவே இன்னிக்கி?"

ஹேண்டில் நின்றது. "கொண்டுபோங்கய்யா, கொண்டுபோங்க!" என்று அவள் காலருகே குந்தியிருந்த கிழவி கத்தினாள். "எறக்கி வேற வண்டில ஏத்தலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. இனிமே அவள அசைக்கக் கூடாது!"

நைனா கடற்கரைப் பக்கம் பார்த்தார். மழை விட்டதால் குப்பத்து ஆட்கள் மணலில் கட்டுமரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தெருமுனைவரை நடந்தார். நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இருபது முப்பது அடியை அவரால் ஓடிக் கடக்க முடியவில்லை. போய் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அத்தனை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே! வண்டியத் தள்ளணும்! வாண்ணே!"

கட்டுமரங்கள் நடு மணலில் நின்றன. ஏழெட்டு பேர் ஓடிவந்தார்கள். யாராவது சிரிப்பார்கள் என்று நான் பயந்தேன். அண்ணன் காருக்குள் எட்டிப் பார்த்தார். தம்பியின் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"எங்கடா கை வெக்கணும்?" என்றார்.

இங்கேதான் ஒரு கோளாறு வந்து சேர்ந்தது. வண்டியைத் தள்ளிக் கிளப்ப வேண்டுமானால் நிற்காமல், மூச்சுப் பிடித்து, ஒரே ஓட்டமாகத் தள்ள வேண்டும். வந்தவர்களோ பிறந்தது முதல் கட்டுமரம் தள்ளியவர்கள். அவர்கள் கைக்குத் தெரிந்தது ஒரே தாளம்தான். "ஐலேசா!" என்று ஓர் உந்து. பிறகு அலைக்காக ஒரு நிறுத்தம். மறுபடி "ஐலேசா!" ராயபுரம் ரோட்டில் ஏது அலை? ஆனாலும் அவர்கள் நின்றார்கள். கார் வேகமெடுக்கிற சமயம் பார்த்து ஒட்டுமொத்தமாக மூச்சு வாங்கினார்கள். நைனா கியரைப் போட்டுக் கிளட்சை விட, கார் ஒரு விக்கல் விக்கி அடங்கும்.

"நிக்காதண்ணே! அலைக்கி நிக்காதே! தொடர்ச்சியா தள்ளு!"

"சரிடா, சரிடா" என்பார் அண்ணன். "ஐலேசா!" மறுபடி நிறுத்தம்.

உள்ளேயிருந்து கிழவி தலையை நீட்டினாள். "இந்தா நைனா, அந்த விக்கல் மட்டும் வாணாம். மத்தபடி இவுங்க தள்றது தொட்டில் மாதிரி கீது, புள்ள கொஞ்சம் அடங்கிக் கீறா. வண்டிய ஸ்டார்ட்டு பண்ணாதே!"

வாழ்நாளெல்லாம் அந்த வண்டியைக் கிளப்புவதற்கென்றே உயிரோடிருந்த மனிதரிடம் சொன்ன வார்த்தை இது. நைனா கியரை நியூட்ரலில் போட்டார். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் டிரைவர் டிரைவர்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் கையை வெளியே நீட்டி முறைப்படி சிக்னல் காட்டினார். எதிரே வந்த எருமைக்கு ஹாரன் அடித்தார். நானும் பின்னால் கை வைத்திருந்தேன். அண்ணாச்சியும் வைத்திருந்தார். கல்மண்டபம் தாண்டும்போது நாங்கள் இருவரும்கூட அலைக்காக நிற்கப் பழகிவிட்டோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து அஞ்சலையை உள்ளே கொண்டுபோயிற்று. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்தோம். நைனாவால் உட்கார முடியவில்லை. எதிரே ஒரு டீக்கடை. பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பிளக்குகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், டீக்கடைக்காரரிடம் கைகூப்பிக் கேட்டு, தணலில் வைத்தார். எதிரே குந்திக்கொண்டார். திட்டுவதற்கு ஆள் இல்லாததால் பிளக்குகளைப் புரட்டவே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் கறுகிவிட்டது.

வெயில் ஏறியபிறகு ஆயா வெளியே வந்தாள். "அஞ்சலையோட ஆளுங்க யாரு?"

நாங்கள் அத்தனை பேரும் எழுந்தோம்.

"பொண்ணு பொறந்துகீது. தாயும் சொகம். ஆமா, இந்த எண்ணெ நாத்தக் கம்பளி யாருது? அந்தம்மா குடுக்க மாட்டேங்குது."

நைனா டீக்கடைக்குப் போய்ப் பிளக்குகளை எடுத்துவந்து மாட்டினார். ஹேண்டிலை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். கார் கர்ஜித்துக்கொண்டு கிளம்பியது. அப்படியொரு சத்தத்தை அதனிடமிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. நைனா ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார், சிரித்தார். பிறகு முன்கதவைத் திறந்து, "குந்துண்ணே" என்றார். அண்ணன் ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டு முதல் தடவையாக அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தார். மற்றவர்கள் உள்ளேயும் வெளியேயும் தொற்றிக்கொள்ள, ராயபுரம் பூராவும் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

சாயங்காலம் அஞ்சலையின் புருஷன் எண்ணூரிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்தான். விஷயத்தைக் கேட்டுக் கும்பிட்டான். பிறகு, "நைனா வண்டிய நீங்கள்லாம் தள்ளிகினு போனீங்களாமே?" என்று கேட்டான். நைனா தலை குனிந்து ஹேண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் தோளில் கிடந்த வலையைக் கீழே போட்டார். "எவன்டா சொன்னான்? தள்றதுக்கு அது இன்னா கட்டுமரமா? ஒரு ஹேண்டில், பட்டுனு புட்ச்சிக்கிச்சி. நாங்க சும்மா கூடப் போனோம்."

"ஆமா வே, ஒரே சுத்துதான்!" என்றார் அண்ணாச்சி. தள்ளின தள்ளலில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, நேராக நிற்க முடியாமல் கடைக் கதவைப் பிடித்தபடி சொன்னார்.

அதன்பிறகு அந்தத் தெருவில் எத்தனையோ குளிர்காலம் வந்து போயிற்று. நைனாவும் போய்விட்டார், காரும் போய்விட்டது. அந்தப் பக்கத்து ஆட்களை எங்கேயாவது பார்த்தால் பேச்சு அவரிடம்தான் போய் நிற்கும். யாராவது என்னிடம் கேட்டால் அடித்துச் சொல்லுவேன், எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்: கம்பளி நைனாவின் வண்டியை அவர் இருந்தவரை ஒருவரும் தள்ளியதில்லை.